கையளவு கருவி, கணக்கில்லாத தூரம்: உங்களை அசர வைத்த அறிவியல் செய்தி எது?

1. கெடிலக்கரை (கடலூர் முதுநகர்)

வாயேஜர் 1 பிழைச்ச கதையை நம்ம ஆட்கள் யாரும் விரிவா பேசலை. அதனால நானே ஆரம்பிக்கிறேன்.

1977 செப்டம்பர் 5ஆம் தேதி கிளம்பின விண்கலம். 2023 நவம்பர்ல திடீர்னு அது அனுப்புற தரவு புரியாமப் போச்சு. சிக்னல் வருது, உள்ளே விஷயம் இல்லை. மாசக்கணக்கா தேடினாங்க. தரவைத் தொகுக்கிற கணினியில ஒரு சில்லு செத்துப்போய், நினைவகத்துல சுமார் 3 சதவீதம் வீணாகியிருந்துது. கலத்துல இருக்கிற எல்லாக் கணினிகளையும் சேர்த்தாலும் மொத்த நினைவகமே ஏறக்குறைய 70 கிலோபைட்தான். காலையில குடும்ப வாட்ஸ்அப் குழுவுல வர்ற பூங்கொத்துப் படம் இதைவிடப் பெருசா இருக்கும்.

2,400 கோடி கிலோமீட்டர் தூரத்துல இருக்கிற கலத்துல சில்லை மாத்தவா முடியும்? கெட்ட இடத்துல இருந்த நிரலை வேற இடத்துக்கு நகர்த்தணும். முழுசா வைக்கிற அளவுக்கு ஒரே இடத்துல காலி இல்லை. அதனால நிரலைத் துண்டு துண்டா வெட்டி, கிடைச்ச சந்துல எல்லாம் செருகி, ஒரு துண்டு முடிஞ்சா அடுத்தது எங்கேன்னு முகவரியைத் திருத்தினாங்க. இதுக்காக அந்தக் காலத்து ஆவணங்களை எல்லாம் தேடி எடுத்துப் புரட்ட வேண்டியிருந்துது. கட்டளை போய்ச் சேர 22½ மணி நேரம், பதில் வர இன்னொரு 22½ மணி நேரம். 2024 ஏப்ரல் 18 அனுப்பினாங்க, 20ஆம் தேதி பதில் வந்துது. கலம் நல்லா இருக்கு.

இத்தனைக்கும் அதோட ஒலிபரப்பி வெறும் 23 வாட். பெரிய ராக்கெட், பெரிய தொலைநோக்கி பார்த்து வர்ற பிரமிப்பு வேற. இத்துனூண்டு வசதியை வச்சுக்கிட்டு அவ்வளவு தூரம் எட்டினதுதான் எனக்குள்ள போய் உட்கார்ந்துக்குது. உங்களுக்கும் அப்படி ஒண்ணு இருந்தா எழுதுங்க. நம்ம ஊர் சம்பந்தம் இருந்தா இன்னும் நல்லது.

2. நெல்லித்தோப்பு (புதுச்சேரி)

நம்ம ஊர்ல, நான் சொல்லப்போற கருவி சோழி.

ஜான் வாரன்னு ஒருத்தர். சென்னை வானாய்வகத்தைக் கொஞ்ச காலம் பொறுப்பேத்து நடத்தினவர். நம்ம நாட்டுக் காலக்கணக்கு முறைகளைத் தொகுத்து 1825ல 'காலசங்கலித'ன்னு ஒரு நூல் போட்டார். அதுல புதுச்சேரியில சந்திச்ச ஒரு பஞ்சாங்கக்காரரைப் பத்தி எழுதியிருக்கார். அந்த மனுஷர் தரையில சோழிகளைப் பரப்பி வச்சு, மனப்பாடமா இருந்த சொற்றொடர்களை ஒவ்வொண்ணா சொல்லிச் சொல்லி, சோழியைக் கூட்டிக் குறைச்சு, 1825 மே 31 ராத்திரி வந்த சந்திர கிரகணத்தைக் கணிச்சுக் காட்டினார். அட்டவணை எல்லாம் தலைக்குள்ள. கிரகணம் தொடங்குற நேரத்துல வித்தியாசம் 4 நிமிஷம்தான்.

கெடிலக்கரை அண்ணே, உங்க 70 கிலோபைட்டுக்கு முன்னாடி இது எத்தனை கிலோபைட்னு சொல்லுங்க பார்ப்போம்!

3. மஞ்சக்குப்பம் (கடலூர்)

அதுக்கும் முன்னாடியே ஒண்ணு இருக்கு. 1760கள்ல லெ ஜென்தீல்னு ஒரு பிரெஞ்சு வானியலாளர் புதுச்சேரிக்கு வந்து தங்கி, ஒரு தமிழர்கிட்ட இந்தக் கணக்கைக் கத்துக்கிட்டார். ஏற்கனவே நடந்து முடிஞ்சிருந்த 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தைக் கணிச்சுப் பார்த்தப்ப, கிரகணம் நீடிச்ச நேரத்துல தமிழர் கணக்கு 41 நொடி குறைச்சல். ஐரோப்பாவுல அப்ப ரொம்ப நம்பகமானதுன்னு பேர் வாங்கின தோபியாஸ் மாயர் அட்டவணை 68 நொடி அதிகம். ஜெயிச்சது நம்ம சோழி! இதையெல்லாம் பள்ளிக்கூடப் புத்தகத்துல போடாம விட்டிருக்காங்க.

4. பாடலிபுரம் (திருப்பாதிரிப்புலியூர்)

மஞ்சக்குப்பம் தம்பி, எண்கள் சரி. முடிவுதான் அவசரம். ஒரு கிரகணத்துல 41 நொடி என்பதால் முறையே அவ்வளவு துல்லியம் என்று ஆகாது. நெல்லித்தோப்பு சொன்ன அதே 1825 கணக்கில் தொடக்கம் 4 நிமிடம்தான் விலகியது. ஆனால் கிரகண மத்தியம் 23 நிமிடமும், முடிவு 52 நிமிடமும் விலகின. இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியவன் என்ற முறையில் எனக்கு இதில் கொஞ்சம் கண்டிப்பு உண்டு.

அந்த 52 நிமிடத்தைச் சொன்ன பிறகும் என் வியப்பு குறையவில்லை. இன்னும் கூடுகிறது. அந்தப் பஞ்சாங்கக்காரருக்குக் கோட்பாடு ஒன்றும் தெரியாது என்று வாரனே எழுதுகிறார். நினைவாற்றல் மட்டும்தான். ஒரு வானியல் முறை, அதன் காரணம் மறந்துபோன பின்னும், சொற்றொடர்களுக்குள் ஏறி உட்கார்ந்து தலைமுறை தலைமுறையாகப் பயணம் செய்து, 1825இல் புதுச்சேரித் தரையில் ஒரு கிரகணத்தைக் கண்டுபிடிக்கிறது. அந்த வாய்மொழித் தொடர்ச்சியை நினைத்தால் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

லெ ஜென்தீல் புதுச்சேரிக்கு வந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி கடப்பதை உலகின் பல இடங்களிலிருந்து பார்த்து நேரம் குறித்தால், பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிடலாம். 1760இல் பாரிஸிலிருந்து கிளம்பினார். 1761 கடப்புக்கு முன்பே புதுச்சேரியை ஆங்கிலேயர் பிடித்துவிட்டார்கள். கப்பல் திரும்பியது. ஜூன் 6ஆம் தேதி நடுக்கடலில், ஆடுகிற கப்பல் தளத்திலிருந்து பார்த்தார், அளக்க முடியவில்லை. அடுத்த கடப்பு 8 வருஷம் கழித்து. காத்திருந்தார். ஊர் மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த பிறகு 1768இல் புதுச்சேரிக்கு வந்து ஆய்வுக்கூடம் கட்டினார். சென்னை ஆங்கிலேயர்களே அவருக்கு ஒரு தொலைநோக்கி கொடுத்து உதவினார்கள். 1769 ஜூன் 4 விடியற்காலை, மேகம். கடப்பு முடிந்த பிறகு வெயில் அடித்தது. ஊர் திரும்பினால், இறந்துவிட்டார் என்று முடிவு கட்டி அறிவியல் கழகத்தில் அவர் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள். சொத்தை வாரிசுகள் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மற்ற இடங்களில் எடுத்த அளவுகளை வைத்து லலாந்த் என்ற பிரெஞ்சு வானியலாளர் 1771இல் சொன்ன தூரம் 15.3 கோடி கிலோமீட்டர். இன்றைக்கு நாம் சொல்வது 14.96 கோடி.

5. முத்தியால்பேட்டை (புதுச்சேரி)

2012 ஜூன் 6 காலையில வெள்ளி கடந்ததைப் பார்த்தவங்க இங்கே எத்தனை பேர்? சூரியன் மேல ஒரு கறுப்புப் புள்ளி. அவ்வளவுதான். அந்தப் புள்ளிக்காக ஒரு மனுஷன் பதினோரு வருஷம் கடல் கடந்து அலைஞ்சிருக்கார்னு அப்ப தெரியாது. அடுத்தது 2117 டிசம்பர்ல.

6. பாகூர்_ஏரி (புதுச்சேரி)

எல்லாம் நல்லா இருக்கு. ஆனா இழைத் தலைப்போட எனக்கு ஒரு சண்டை இருக்கு. நான் தொலைத்தொடர்பு வேலையில இருக்கிறவன்.

வாயேஜர் 23 வாட்டுல பேசுதுன்னு சொல்றீங்க. சரி. அது இங்கே வந்து சேரும்போது ஒரு வாட்ல கோடியில ஒரு பங்கு, அந்தப் பங்குலயும் கோடியில ஒரு பங்கு, அதைவிடவும் ரொம்பக் குறைச்சல். அதைக் கேட்கிறதுக்கு 70 மீட்டர் விட்டமுள்ள அலைவாங்கி, கிட்டத்தட்ட தனிச்சுழி வெப்பநிலைக்கு (அதுக்கு மேல குளிரவே முடியாது) பக்கத்துல குளிரூட்டின பெருக்கிகள், மூணு கண்டத்துல நிலையங்கள். அந்த முனையில சின்னதா இருக்க முடியுதுன்னா இந்த முனையில ஒரு பிரம்மாண்டம் அதைத் தாங்கிப் பிடிக்குது. சின்னதை மட்டும் கொண்டாடினா, நாளைக்கு "அவ்வளவு பணம் எதுக்கு, சின்னதாவே செய்யலாமே"ன்னு கேட்கிறவங்களுக்கு நாமளே வசதி பண்ணிக் கொடுக்கிறோம்.

7. கெடிலக்கரை (கடலூர் முதுநகர்)

பாகூர், இது நல்ல வாதம். ஏத்துக்கிறேன், ஆனா தலைப்பை மாத்த மாட்டேன் :)

இன்னொரு முனை எப்பவும் இருக்கு, சரி. ஆனா அது எப்பவும் பணமாவோ இரும்பாவோ இருக்கணும்னு இல்லையே. சோழிக்கு இன்னொரு முனை எது? பாடலிபுரம் ஐயா சொன்ன அந்தத் தலைமுறைகள்தானே. ஒவ்வொரு செய்தியிலயும் ரெண்டு முனையையும் சேர்த்துச் சொல்லுங்கன்னு கேட்டுக்கிறேன். இழை இன்னும் நல்லா போகும்.

8. தேவனாம்பட்டினம் (கடலூர்)

ரெண்டு முனையும் சொல்லணும்னா நான் சொல்றேன்.

2004 டிசம்பர் 26. நம்ம நேரப்படி காலை 6:28க்கு சுமத்ரா பக்கத்துல பூமி அதிர்ந்துது. நம்ம கரைக்கு அலை வர ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. அந்த ரெண்டு மணி நேரமும் எங்க ஊர்ல யாருக்கும் ஒண்ணும் தெரியாது. ஞாயித்துக்கிழமை. ஆழத்துல வலை விட்டிருந்த என் பெரியப்பாவுக்குப் படகுல ஒரு ஆட்டமும் தெரியலை. கரைக்கு வந்தப்பதான் பார்த்தார். அதுக்கு மேல நான் எழுதலை.

ஏன் அவருக்குத் தெரியலைன்னு பல வருஷம் கேட்டுக்கிட்டே இருந்தேன். ஆழ்கடல்ல சுனாமி அலை உயரம் ரொம்பக் குறைவு, ஆனா நீளம் நூறு கிலோமீட்டருக்கும் மேல. 4,000 மீட்டர் ஆழத்துல மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்துல படகுக்கு அடியில ஓடிப்போயிடும், படகு மெல்ல ஏறி மெல்ல இறங்கும். கரைக்கிட்ட ஆழம் குறையக் குறைய வேகம் விழுந்து, பின்னாடி வர்ற தண்ணி முன்னாடி இருக்கிறது மேல ஏறிக்கும்.

படகுல இருக்கிறவனுக்கே தெரியாததைக் கடலடியில வச்ச ஒரு கருவி கண்டுபிடிக்குது. அழுத்தமானி. உள்ளே ஒரு குவார்ட்ஸ் படிகம் அதிர்ந்துகிட்டே இருக்கும். மேல நிக்கிற தண்ணியோட எடை கூடினா அதிர்வெண் மாறும். பல ஆயிரம் மீட்டர் தண்ணிக்கு அடியில இருந்துகிட்டு கடல் மட்டம் 1 சென்டிமீட்டர் ஏறினாலும் சொல்லிடும். 4,000 மீட்டர்ல 1 சென்டிமீட்டர்னா நாலு லட்சத்துல ஒரு பங்கு. அந்தச் சேதி ஒலியா மேல இருக்கிற மிதவைக்கு ஏறி, அங்கேருந்து செயற்கைக்கோள் வழியா ஹைதராபாத்துல இருக்கிற இன்காய்ஸ் மையத்துக்குப் போகும். 2007 அக்டோபர்லேருந்து அங்கே சுனாமி எச்சரிக்கை மையம் வேலை செய்யுது.

இன்னொரு முனை எங்க ஊர் ஒலிபெருக்கி. 2012 ஏப்ரல் 11ல சுமத்ரா பக்கம் 8.6 அளவுல நிலநடுக்கம் வந்தப்ப எச்சரிக்கை வந்துது, கடலோரம் ஜனம் மேட்டுக்கு நகர்ந்துது, பெரிய அலை வராதுன்னு தெரிஞ்சதும் எச்சரிக்கையை விலக்கிக்கிட்டாங்க. அந்த நடுக்கத்துல கடலடிப் பாறைகள் பக்கவாட்டுல உரசினதால தண்ணியை அவ்வளவா தூக்கலை. "வீணா ஓடினோம்"னு அன்னிக்குச் சிலர் சொன்னாங்க. எங்க அம்மா சொன்னது: "ஓடுறதுக்கு நேரம் கிடைச்சுதே, அது போதும்."

9. பாகூர்_ஏரி (புதுச்சேரி)

அண்ணே, இதுக்கு மேல நான் வாதாட ஒண்ணும் இல்லை. அந்தப் படிகம் பத்தி இன்னும் எழுதுங்க.

10. காலாப்பட்டு_மாணவி (புதுச்சேரி)

தேவனாம்பட்டினம் அண்ணா எழுதினதை எங்க விடுதியில எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன்.

என்னோடது காராமணி. 2024 டிசம்பர் 30 ராத்திரி ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து பி.எஸ்.எல்.வி. சி60 போச்சு இல்லையா, ஸ்பேடெக்ஸ் கலங்கள் ரெண்டையும் சுமந்துகிட்டு. அந்தக் கலங்கள் 2025 ஜனவரி 16ல ஒண்ணோட ஒண்ணு இணைஞ்சதைத்தான் எல்லாரும் பேசினாங்க. அமெரிக்கா, ரஷ்யா, சீனாவுக்கு அடுத்து நாம. ஆனா வேலை முடிஞ்ச நாலாவது அடுக்கைத் தூக்கிப் போடாம, அதையே ஒரு ஆய்வு மேடையா சுத்த விட்டாங்க. அதுக்குள்ள ஒரு சின்னப் பெட்டியில 8 காராமணி விதை. நாலு நாள்ல முளைச்சுது, அப்புறம் இலையும் விட்டுது!

எனக்கு வியப்பு முளைச்சதுல மட்டும் இல்லை. வேருக்கு "கீழே" எதுன்னு எப்படித் தெரியும்? வேர் நுனியில இருக்கிற சில செல்களுக்குள்ள மாவுச்சத்து மணிகள் இருக்கு. அதுங்க எடையால எந்தப் பக்கம் போய் உட்காருதோ அதுதான் கீழே. செடியைப் படுக்க வச்சா மணிகள் உருண்டு பக்கவாட்டுல சேரும், வேர் வளைஞ்சு திரும்பும். விண்வெளியில மணிகள் எங்கேயும் உட்காராது, மிதக்கும். அப்ப வேர் ஈரத்தையும் ஒளியையும் நம்பித்தான் திசை பிடிக்கணும். மாவு மணி ஒண்ணு பூமியோட ஈர்ப்பை உணருது. இதை முதன்முதல்ல நுண்ணோக்கியில பார்த்தப்ப நான் ரொம்ப நேரம் எழுந்துக்கவே இல்லை.

ராத்திரி ஏவுதல் இருந்தா, வானம் தெளிவா இருக்கிற அன்னிக்கு மாடிக்குப் போய் வடக்கே பாருங்க. ஒளி ஏறி கிழக்கே சாயறது இங்கேருந்தே தெரியும்.

11. வடக்குவீதி (சிதம்பரம்)

செவிலியரா இருக்கேன். எங்க ஊரைச் சேர்க்காம விட்டுட்டீங்களே.

1952ல சிதம்பரத்துல பிறந்தவர் வெங்கி ராமகிருஷ்ணன். ரைபோசோம் எப்படி இருக்கும்னு அணு அணுவா கண்டறிஞ்சதுக்காக 2009ல தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் கூட நோபல் வாங்கினார். நம்ம உடம்புல புரதம் செய்யற கருவி அது. பாக்டீரியாவோட ரைபோசோம்னா ஒரு மில்லிமீட்டர் நீளத்துல ஏறக்குறைய 50,000 வரிசையா நிறுத்தலாம். முன்னாடியெல்லாம் காசநோய்க்கு ஊசியா போட்ட ஸ்ட்ரெப்டோமைசின் அந்தக் கருவியில எந்த இடத்துல போய் ஒட்டிக்கிட்டு அதைத் தடுமாற வைக்குதுன்னு 2000ல அவர் குழு படம் பிடிச்சுக் காட்டிச்சு. பாக்டீரியாவோட ரைபோசோமும் நம்மளோடதும் கொஞ்சம் வேற வேற. அந்தக் கொஞ்சம் வித்தியாசத்துலதான் மருந்து கிருமியைக் கொல்லுது, நோயாளியை விட்டுவைக்குது. மருந்து கலக்கும்போது இது எனக்கு ஞாபகம் வரும்.

இன்னொரு முனை: ரைபோசோமைப் படிகமாக்கிப் படம் எடுக்க வட்டமா ஓடுற மிகப்பெரிய எக்ஸ்ரே நிலையம் வேணும். பாகூர்காரர் சொன்னது இதுக்கும் பொருந்துது.

12. முத்தியால்பேட்டை (புதுச்சேரி)

சின்னது இல்லை, ஆனா நம்ம வாசல்ல இருக்கு, சொல்லியே ஆகணும். துறைமுக அலைத்தடுப்புகள் 1980களோட கடைசியில வந்த பிறகு தெற்கேயிருந்து வடக்கே நகர்ற மணல் தடுக்கப்பட்டு, நம்ம கடற்கரை முழுக்கப் பாறையா போச்சு. தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே தண்ணிக்கடியில ஆப்பு வடிவத்துல ஒரு இரும்புக் கட்டுமானத்தை இறக்கிச்சு. அலை அது மேல ஏறி உடைஞ்சு வேகம் குறையறப்ப மணலைக் கீழே போடுது. சின்ன வயசுல பாறை மட்டுமே பார்த்த நான், இப்ப என் பையனை அங்கே மணல்ல விளையாட விடறேன். வடக்கே தமிழ்நாட்டுப் பக்கத்து மீனவ ஊர்கள்ல அரிப்பு இன்னும் ஓயலை, அதையும் சொல்லணும்.

13. மஞ்சக்குப்பம் (கடலூர்)

பாடலிபுரம் ஐயா, நீங்க சொன்ன 52 நிமிஷத்தைப் பத்தி யோசிச்சுக்கிட்டே இருந்தேன். இப்பவும் திருநள்ளாறுல சனிப்பெயர்ச்சி வாக்கியப் பஞ்சாங்கப்படிதானே? திருக்கணிதப்படி 2023 ஜனவரியிலேயே கும்பத்துக்குப் போயாச்சுன்னாங்க, திருநள்ளாறுல 2023 டிசம்பர் 20ல விழா நடந்துது. அந்த வாக்கியமும் இந்தச் சோழிக்காரர் சொன்ன வாக்கியமும் ஒண்ணா?

14. பாடலிபுரம் (திருப்பாதிரிப்புலியூர்)

ஒரே மரபு. சந்திரனுக்குச் சொல்கிறேன், அதுதான் அழகு.

சந்திரன் ஒரே வேகத்தில் போவதில்லை. பூமிக்குப் பக்கத்தில் வந்தால் வேகம், தூரப் போனால் மெதுவு. ஒரு மெதுவிலிருந்து அடுத்த மெதுவுக்கு சுமார் 27.55 நாள். முழு எண் இல்லை, அதனால் அட்டவணை போட முடியாது. ஆனால் இப்படி 9 சுற்று சேர்த்தால் ஏறக்குறைய சரியாக 248 நாள். ஆக 248 நாளுக்கு 248 வாக்கியம் போதும். மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். பாபிலோன் களிமண் பலகைகளிலும் இதே 248 இருக்கிறது.

முதல் வாக்கியம் "கீர்ந ச்ரேய". கடபயாதி முறையில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண். கூட்டெழுத்தில் கடைசி மெய் மட்டும் கணக்கு. கீ 3, ந 0, ரே 2, ய 1. வலமிருந்து இடமாகப் படித்தால் 1203. அதாவது 12 பாகை 3 கலை (ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு ஒரு கலை). மெதுவாகப் போகிற முதல் நாளில் சந்திரன் அவ்வளவு நகரும். சராசரி நாளில் 13 பாகைக்கு மேல் போகும். ஒரு வாக்கியம் சொல்லி, அந்த எண்ணுக்குச் சோழி வைக்க வேண்டும். அவ்வளவுதான் கருவி.

15. காலாப்பட்டு_மாணவி (புதுச்சேரி)

ஐயா, கணிப்பான் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். இன்றைய அளவு 27.55455 நாள். 9 சுற்றுக்கு 247.991. ஒவ்வொரு 248 நாளுக்கும் 13 நிமிஷம் நழுவுதே? சேர்ந்துக்கிட்டே போனா கணக்கு கெட்டுடாதா?

16. பாடலிபுரம் (திருப்பாதிரிப்புலியூர்)

கெடும், மகளே. அது அவர்களுக்கும் தெரியும். அதனால் 248க்கு மேல் இன்னொரு சுற்று வைத்திருந்தார்கள்: 3,031 நாள். உன் 27.55455ஐ 110ஆல் பெருக்கிப் பார்.

17. காலாப்பட்டு_மாணவி (புதுச்சேரி)

3031.0005!!! எட்டு வருஷத்துக்கும் மேல ஓடி ஒரு நிமிஷம்கூடப் பிசகலை. ஐயா, இதை எப்படிக் கண்டுபிடிச்சாங்க? சந்திரன் எந்த நாள்ல ரொம்ப மெதுவா போகுதுன்னு கண்ணால பார்த்துச் சொல்ல முடியாதே?

18. பாடலிபுரம் (திருப்பாதிரிப்புலியூர்)

நேரடியாக முடியாது. கிரகணங்கள்தான் உதவி. கிரகணம் கணித்த நேரத்துக்கு முன்னே வந்தால், பின்னே வந்தால், எவ்வளவு என்று குறித்துக்கொண்டே போனால் எங்கே திருத்த வேண்டும் என்று தெரியும். ஒருவர் ஆயுளில் பிடிபடுகிற வேலை இல்லை. கேரளத்தில் பரமேஸ்வரர், நிளா ஆறு கடலில் சேரும் பக்கத்தில் வாழ்ந்தவர், 50 வருஷத்துக்கும் மேலாகக் கிரகணங்களைப் பார்த்து எழுதி வைத்தார். அதைக் கொண்டு 1431இல் 'திருக்கணிதம்' எழுதிப் பழைய கணக்கைத் திருத்தினார். மஞ்சக்குப்பம் தம்பி கேட்ட திருக்கணிதத்தின் பெயர் அந்த வழியில் வந்தது. அவர் பார்த்ததெல்லாம் வெறும் கண்ணால். தொலைநோக்கி வர இன்னும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தது.